தாழ்ந்த பக்கத்தில் மண்டியிட்டவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. போன மாதம் தலைநகரில் 'மறைந்துபோன மாயர்கள்' என்று எங்கள் இனத்தைப் பற்றியே ஒரு கண்காட்சி பார்த்தேன். அங்கே ஒரு தவறு இருந்தது. வாய் திறக்காமல் ஊர் திரும்பினேன். அன்றிலிருந்து அது தொண்டையிலேயே நிற்கிறது. அதனால் எனக்குப் பதிலாக எல்வியாவை அனுப்புகிறேன்.

(எல்வியா துயுக், பத்தொன்பது வயது, கோமலாபா ஊர்க்காரி. ஆறாம் வகுப்பில் ஒருநாள் விடை தெரிந்தும் சொல்ல வராமல் நின்றாள். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் போகவில்லை, அதற்கு மறுநாளும். அவள் நான் அல்ல. நம்பாதவர்கள் நம்பவேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: 'மூன்று எரிமலைகளின் நிழலில், பல நூற்றாண்டுகளுக்கு முன்...' வேண்டாம். எரிமலைக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவது: எல்வியாவும் அவள் அண்ணி பாஸ்குவாலாவும் வாசல் பலகையின் முன் நின்றார்கள்.

"என்னடி எழுதியிருக்கு? படி."

"மறைஞ்சுபோன மாயர்கள்னு, அண்ணி."

"யாரு, நாமளா? அப்ப பஸ்ல நின்னு நின்னு மரத்துப்போச்சே, இந்தக் காலு யாரோடது?"

இதுவே இருக்கட்டும்.

3

மூன்றாவது அறையில், கயிற்றுக்கு அப்பால், பிளாஸ்டர் பொம்மைப் பெண் ஒருத்தி மண்டியிட்டு மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மியும் அதன்மேல் கிடந்த சோளமும் மட்டும் அசல். மூன்று கால், ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு. பொம்மை தாழ்ந்த பக்கத்தில் இருந்தாள்.*

"அடிப்பாவி, மாவு பூரா இவ மடியிலல்ல விழும்!" என்றாள் பாஸ்குவாலா. "அதான் மறைஞ்சு போயிட்டாங்களோ என்னவோ. பட்டினி!"

பக்கத்தில் வழிகாட்டிப் பெண் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நம்ம முன்னோர் இப்படித்தான் அரைச்சாங்க. வரைஞ்சுக்கோங்க."

நாற்பது பிள்ளைகளும் அப்படியே வரைந்துகொண்டார்கள்.

* எங்கள் ஊரிலும் மாவு மில் உண்டு. மில்லில் கரண்ட் போகும், அம்மியில் போகாது. ஆகவே எந்தப் பக்கம் மண்டியிடுவது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

4

இங்கேதான் எல்வியா என் பேச்சைக் கேட்கவில்லை.

எல்வியா உரத்த குரலில், "மேடம், இது தப்

எல்வியா மெல்ல வாயைத் திறந்

எல்வியா

சரி, பேசவேண்டாம். அவளுக்கு வாய் வராது, முழங்கால் வரும்.

பாவாடையைச் சற்றுத் தூக்கிக் கயிற்றைத் தாண்டினாள். உயரமான பக்கம் போய் மண்டியிட்டாள். பொம்மையின் கைக்கடியிலிருந்து குழவியை உருவினாள்.

"ஏய்! எழுந்திரு!" காவலாளி ஓடிவந்தார்.

"தொடாதம்மா, எண்ணூறு வருஷத்துக் கல்லு!" என்று பதறினாள் வழிகாட்டி.

"அதுக்கும் அரைச்சு ரொம்ப நாளாச்சு, மேடம். விடுங்க, கொஞ்சம் அரைக்கட்டும்," என்றாள் பாஸ்குவாலா.

எல்வியா ஒரே தள்ளு தள்ளினாள். சோளம் நொறுங்கிச் சரிவில் இறங்கியது. பொம்மையின் மடியில் கொட்டியது.

"மடியிலயே கொட்டுது, டீச்சர்!" என்று ஒரு சிறுமி கத்தினாள். அறையே சிரித்தது. ஒரு நொடி எல்வியாவுக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. தலை நிமிர்ந்தாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

காவலாளியும் சிரித்துவிட்டார். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்ப... எந்தப் பக்கம்மா உட்காரணும்?"

"இந்தப் பக்கம்," என்றாள் எல்வியா. கடைசி வரிசைக்கும் கேட்டது.

நாற்பது அழிரப்பர்கள் வெளியே வந்தன.

5

முடிவு அ: காவலாளி அவளை வெளியே தள்ளுகிறார். (அடித்துவிட்டேன். சிரித்த மனிதர் தள்ளமாட்டார்.)

முடிவு ஆ: பலகையில் அவள் பெயர் பொறிக்கப்படு (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவை உங்களிடமே விடுகிறேன். மூன்றாவது அறைக்குப் போய்ப் பாருங்கள். பொம்மை உயரமான பக்கத்துக்கு மாறியிருந்தால், இந்த ஞாயிறு நானே போய்விட்டேன் என்று அர்த்தம்.

மாறவில்லை என்றால், யோசிக்காதீர்கள். கயிறு முழங்கால் உயரம்தான்.