வாசலில் கண்மூடி இருந்தவர்

"பையில என்ன?"

"சாப்பாட்டு டப்பா."

"இவ்ளோ கனமா? கல்லைக் கட்டிக் குடுத்தாங்களா?"

"எங்கம்மாவுக்குத் தாராள மனசு."

"டப்பா சதுரமால்ல இருக்கு?"

"அதனாலதான் பையில அடங்குது."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். நான் நூலக வாசலைத் தாண்டிப் போனேன்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அவர் அந்த வாசலில் பை சோதிப்பவர். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆங்கில அகராதியை வீட்டுக்குத் தர மாட்டார்கள். நூலகமோ ஆறு மணிக்கு மூடிவிடும். அதனால் தினமும் மாலையில் ஒரு தொகுதியைப் பையில் போட்டுக்கொண்டு போய், காலையில் முதல் ஆளாக வந்து இடத்தில் வைத்துவிடுவேன். வாசலில் கண் அயர்கிறவருக்குச் சக ஊழியர்கள் 'கோழித்தூக்கம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். என் பை வரும்போது மட்டும்தான் அந்தத் தூக்கம் வரும் என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

அப்படி எடுத்துப்போன மூன்றாம் தொகுதியில்தான் 'கன்னைவ்' என்ற ஆங்கில வினைச்சொல்லைப் படித்தேன். தவறு நடப்பது தெரிந்தும் தடுக்காமல் விடுவது. லத்தீன் மூலத்தில் அதற்கு இமைகளை மூடுவது என்றுதான் பொருள். கூட்டுச் சதி என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வாசலில் சொன்னேன். "உங்களுக்குன்னே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு."

"நல்ல வார்த்தையா?"

"அவ்வளவு நல்லதில்ல."

"பரவால்ல. உங்க வாயால வந்துச்சே, அது போதும்."

அடுத்த முறை அந்தத் தொகுதியை எடுத்துப்போன இரவு எனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நூலகத்தில் புத்தகங்களைச் சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் தொகுதி இருந்த இடம் காலியாக இருந்தது.

அவருடைய அண்ணன் அதே நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருந்தார். தன் பொறுப்பில் தம்பியை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர். எல்லார் முன்னாலும் கேட்டார்.

"யார் எடுத்தா? சொல்லுடா."

"தெரியாது. தூங்கிட்டேன்."

"தூங்கினவனுக்கு இவ்ளோ பட்டுனு பதில் வராது. நீதான் வித்துத் தொலைச்சிருக்க."

வேலை போயிற்று. நான் தள்ளாடிக்கொண்டு வந்து யாருக்கும் தெரியாமல் புத்தகத்தை அலமாரியில் வைத்தபோது, பயந்துபோய் அவர்தான் யார் மூலமாகவோ திருப்பி அனுப்பிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லப் போவதாக அவரிடம் சொன்னேன்.

"அடுத்த வாரம் பரீட்சை. இப்ப சொன்னா உங்களுக்குக் கிடைக்கப்போற வேலையும் போச்சு. ஒரு வீட்ல ஒருத்தராவது ஒழுங்கா சம்பாதிக்க வேணாமா?"

"எந்த வீட்ல?"

"அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

எங்கள் கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். என்னை மட்டும் வாழ்த்தினார். "தங்கமான பொண்ணு. போயும் போயும் இவன்கிட்ட மாட்டிக்கிச்சே." என் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்தார். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவார், போவார். தம்பியோடு மட்டும் பேச்சு கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே, "உன் வீட்டுக்காரனுக்கு டீ வேணுமான்னு கேளும்மா" என்பார். நான் வாயைத் திறந்தால் என் கணவர் கண்களை மூடிக்கொள்வார். "விடு, உன் வேலைக்கு ஆபத்து" என்று பிறகு தனியாகச் சொல்வார்.

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். கடைசியாக என் மேசைக்கு வந்த தீர்ப்பில் அதே 'கன்னைவ்' என்ற சொல் இருந்தது. பழக்கத்தில் 'உடந்தை' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால், அந்த ஆள் எதையும் தொட்டவரில்லை. அடித்துவிட்டு, 'கண்டும் காணாமல் இருந்தார்' என்று திருத்தினேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு இந்தச் சிறு நியாயத்தைச் செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்று காலை அண்ணன் வீட்டில் இருந்தோம். நாளை அவர் கடல் கடந்து மகனோடு இருக்கப் போகிறார், திரும்புவது சந்தேகம்தான். அவருடைய புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தோம். என் கணவர் முட்டி போட்டுக் கயிறு கட்டினார்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லும்மா," என்றார் அண்ணன், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. "கயிறை இழுத்துக் கட்டச் சொல்லு."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"மாமா, அந்த மூணாம் தொகுதியை எடுத்துட்டுப் போனது நான்தான். அவர் விக்கல. படிக்கிற பொண்ணுன்னு பார்த்தும் பார்க்காம விட்டாரு, அவ்வளவுதான்."

அண்ணனின் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றது. என் கணவர் வழக்கம்போல் கண்களை மூடிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மாமா. கயிறை இழுத்துக் கட்டணும்னா, அத அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."