காணாமல் போன முப்பத்து நாலு வோல்ட்

கங்கரத்னாவுக்குக் கூடப் பிறந்தவை இரண்டு. ஒன்று சந்தேகம், இன்னொன்று தம்பி பைரப்பா. சிட்லகட்டா சந்தையில் பட்டுக்கூடு வாங்குகிறவர்கள் அவள் தலையைக் கண்டாலே, "வந்துட்டாங்கப்பா சிபிஐ!" என்பார்கள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் பைரப்பாதான். கௌரி பண்டிகைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வைத்து மடி நிறைத்துவிட வேறு நாதி கிடையாது. அவனை மட்டும் அவள் சந்தேகப்பட்டதில்லை, இந்தக் குளிர்காலம் வரைக்கும்.

அவள் வளர்த்த பட்டுப்புழுக்களுக்கு நாலாம் ஜுரம், அதாவது கடைசித் தோலுரிப்பு, முடிந்திருந்தது. இனிமேல்தான் பேய்த்தீனி தின்ன வேண்டும். ஆனால் புழுக்கொட்டகை ஜில்லென்று கிடந்தது. மல்பெரி இலை தட்டிலேயே வாடியது. எலக்ட்ரீஷியனான பைரப்பா டவுனில் இரண்டாயிரம் வாட் ஹீட்டர் வாங்கி வந்து மாட்டியும் கொட்டகையில் சூடு ஏறவில்லை.

மாட்டும்போதே அவளுக்கு உறுத்தியது. "வீட்டுலேருந்து கொட்டாய்க்கு ரொம்ப தூரம்க்கா. தடிச்ச ஒயர் வாங்கணும்" என்றான். கடைக்காரன் கமிஷன் கொடுப்பானோ? பரணில் சுருட்டிக் கிடந்த மெல்லிய ஒயரை எடுத்துப் போட்டு, "இதுல ஓடாத கரண்டு அதுல மட்டும் ஓடிடுமா?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். ஒயரில் கமிஷன் போச்சென்று ஹீட்டரில் கைவைத்துவிட்டானோ?

பம்ப்செட் மெக்கானிக் மௌலா சாபுவைக் கூப்பிட்டாள். அவர் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரால் ஹீட்டர் கம்பியைக் கவ்விப் பிடித்தார். "ஏழு புள்ளி நாலு ஆம்பியர். ஓல்ட்டு நூத்தித் தொண்ணூத்தாறு."

அவள் பியூசியில் சயின்ஸ் படித்தவள். மனக்கணக்காகவே பெருக்கினாள். ஆயிரத்து நானூற்றைம்பது வாட்! ரெண்டாயிரம் எங்கே, இது எங்கே?

வீட்டுச் சமையலறையில் களி உருண்டையைக் கையில் எடுத்திருந்த பைரப்பா, அவள் போட்ட சத்தத்தில் தட்டோடு வெளியே வந்தான்.

"எந்தக் கடையிலடா மட்டமான கம்பிச்சுருள் வச்ச ஹீட்டரா பாத்து வாங்கின? எவ்வளவு அடிச்ச?"

"அக்கா, நான் அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்ல, அந்த ஒயரு..."

"பேசாத! மெசின் பொய் சொல்லுமா? திருடினதுதான் திருடின, வெளியில போய்த் திருடக் கூடாதா?"

"கங்கம்மா, விடும்மா. பெத்த புள்ள மாதிரி இருக்கான்" என்றார் மௌலா சாபு.

"புள்ளையா? திருட்டுப் பூனை!"

பைரப்பா களியைத் தட்டிலேயே வைத்தான். கை கழுவினான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்கு அதுவும் போதவில்லை. கடைக்காரனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். டெஸ்டரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மௌலா சாபுவை அனுப்பிவிட்டுக் கணக்குப் போட்டாள். இருநூற்று முப்பது வோல்ட்டில் ரெண்டாயிரம் வாட் தரும் அசல் சுருளுக்குத் தடை இருபத்தாறரை ஓம் இருக்க வேண்டும். ஆயிரத்து நானூற்றைம்பதுதான் தரும் மட்டமான சுருள் என்றால் முப்பத்தாறரை வரும். இப்போது வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தீர்ந்தது, குட்டு உடைந்துவிடும்.

நூற்றுத் தொண்ணூற்றாறை ஏழு புள்ளி நாலால் வகுத்தாள். இருபத்தாறரை.

மறுபடி வகுத்தாள். அதே இருபத்தாறரை. சுருள் அசல்.

"மாட்டுக்குப் புல்லைக் குறைச்சா பால் குறையத்தானே செய்யும்? மாடா திருடுச்சு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஹீட்டரை ஓடவிட்டு வீட்டு மீட்டர் பலகையில் அளந்தாள். இருநூற்று முப்பது. கொட்டகையில் நூற்றுத் தொண்ணூற்றாறு. நடுவில் முப்பத்து நாலு வோல்ட்டைத் தின்றது யார்?

வேலியோரம் ஓடிய ஒயரைத் தொட்டாள். இந்தக் குளிரிலும் அது காய்ச்சல்காரன் கைபோலச் சுட்டது. கொட்டகைக்குப் போக வேண்டிய சூடு வழியெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது. பரணில் இருந்து அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்த ஒயர். அடிப்பாவி, புழுவைக் கொல்லப் பார்த்தது நீதானடி! அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

போன் போட்டாள். "பைரா, தடிச்ச ஒயர் வாங்கிட்டு வாடா. தப்பு எம்மேலதான். சுருள் நல்ல சுருள்டா."

"சரிங்க" என்றான்.

இதென்ன புதுசாக ‘ங்க’? பக்கத்தில் யாரோ பெரியவர்கள் இருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் வந்தான். பழைய ஒயரைக் கழற்றிப் புதியதை இழுத்தான். அவள் சுடச்சுடக் களியும், கீரை வேகவைத்த தண்ணீரில் கூட்டிய பஸ்ஸாறும் வைத்தாள். "சாப்ட்டுட்டேங்க" என்றான். கொட்டகை மெல்லச் சூடேறியது. கொஞ்ச நேரத்தில் தட்டுகளில் சத்தம் கிளம்பியது, தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. புழுக்கள் தின்ன ஆரம்பித்துவிட்டன.

"பிழைச்சுதுடா!" அவள் அவன் தோளைப் பிடித்தாள். "ஒரு வார்த்தை திட்டேன்டா. கெழவி, பிசாசுன்னு எதையாவது சொல்லேன்."

அவன் தோளை விலக்கிக்கொள்ளவில்லை. டெஸ்டரை மட்டும் அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"ஓல்ட்டு இருநூத்தி இருபத்திரண்டு. ஆம்பியர் எட்டு புள்ளி நாலு. எதுக்கும் நீங்களே ஒருவாட்டி பெருக்கிப் பாத்துக்குங்க."