ஆறு வாய் வைத்த மூடி

மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பஞ்சாபகேசனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. அசல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க அவரால் ஆகாது. அதனால் பின்பக்கம் எஞ்சின் உள்ள ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கி, அதன் தகர உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பத்திரிகைப் படத்தைப் பார்த்து ஃபைபரில் சிவப்பு உடம்பு செய்யச் சொன்னார். செய்தவன் விளாங்குடி சுருளி. ஹெல்மெட்டும் பஸ்ஸின் முன்முகமும் வார்க்கிற பட்டறைக்காரன்.

எஞ்சின் மூடி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. ஒரு ஓட்டை கிடையாது. வண்டி எடுத்த முதல் நாளே சிம்மக்கல் தாண்டுவதற்குள் எஞ்சின் கொதித்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிய நாலு பேர் ஸ்போர்ட்ஸ் காரை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அன்னைக்கே சொன்னேன் சார். இது காத்துல ஆறுற எஞ்சின், மூச்சு விட வழி வேணும்னு" என்றான் சுருளி.

"முப்பது வருஷமா வெப்பவியல் நடத்தறவன்கிட்டயா சொல்றே?"

ஒரு வாரம் வரைபடத்தாளோடு உட்கார்ந்தார். முன்னோக்கித் திறந்த ஆறு வாய்கள் மூடியின்மேல் வேண்டும் என்று முடிவானது.

"முன்னப் பாத்து வச்சா தூசி தும்பு அம்புட்டும் உள்ள போயிரும் சார். கீழ பாத்து வச்சு வலை அடிச்சிருவோம்."

"வலை அடிச்சா காத்து பதினேழு சதவீதம் குறையும். சொன்னதைச் செய்."

சுருளி சொன்னதைச் செய்தான்.

மாசி மாதம் கொட்டாம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. பஞ்சாபகேசன் சிறப்பு விருந்தினர். பேச்சின் தலைப்பு, 'வெப்பத்தை வெல்வோம்'. மனைவி நாகலக்ஷ்மியும் காரில் ஏறினாள். ஏறுவதற்குமுன் அவருக்குத் தெரியாமல் சுருளிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான்.

மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டியை நெருங்கியதும் நெடுஞ்சாலை நீளத்துக்கும் கொள்ளுச்செடி காயப்போட்டிருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்தால் கதிரடிக்கிற கூலி மிச்சம். பஞ்சாபகேசன் வேகத்தைக் குறைக்காமல் அதன்மேல் ஓட்டினார். முன்னால் போன பஸ் கிளப்பிய சருகையெல்லாம் ஆறு வாய்களும் ஆசையோடு வாங்கி உள்ளே விழுங்கின.

"ஏன்னா, புகை வாசனை வரதே."

"வயல்ல எவனோ கொளுத்தறான்."

சுருளி ஹாரனை விடாமல் அடித்து முன்னால் வந்து மறித்தபோது மூடியின் ஓரம் எரிந்துகொண்டிருந்தது. கொள்ளுக்குக் காவல் நின்ற ஒச்சம்மாள் ஓடிவந்தாள்.

"நடுக்கொள்ளுல நிறுத்தி நெருப்பு வைக்கிறியே, நீயெல்லாம் படிச்சவனா? வண்டிய அங்கிட்டுத் தள்ளுய்யா!"

நாகலக்ஷ்மி பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினாள். ஒச்சம்மாள் குடத்துத் தண்ணீரில் சாக்கை நனைத்துக் கொடுத்தாள். சுருளி மூடியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு, ஈரச்சாக்கை எஞ்சின்மேல் போட்டு அமுக்கினான். பஞ்சாபகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விழாவுக்கு நேரமாகிவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு வாத்தியாரின் சைக்கிள் கேரியரில் ஏறிப் போய்விட்டார்.

வெப்பத்தை வெல்வது பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசியபோது, சுருளியும் நாகலக்ஷ்மியும் எஞ்சினிலிருந்து கருகிய சருகைக் கையால் வாரிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஒயரை மாற்றியதும் வண்டி கிளம்பியது. மூடி இல்லாமல் மதுரைவரை சூடேறாமல் வந்தது.

அடுத்த மூடியைச் சுருளி யாரையும் கேட்காமல் செய்தான். கீழ்நோக்கித் திறந்த வாய்கள், உள்ளே வலை. கோடை முழுக்க வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

"நான் மொதல்ல மனசுல வச்சிருந்தது இந்த டிசைன்தான்" என்றார் பஞ்சாபகேசன்.

"அங்கேயே வச்சுண்டிருந்தேளா? அதான் வண்டிக்குத் தெரியல" என்றாள் நாகலக்ஷ்மி.

கல்லூரி ஆண்டுமலரில் அந்த மூடியைப் பற்றி நாலு பக்கம் கட்டுரை வந்தது, அவர் படத்தோடு. ஒரு பிரதியைப் பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். சுருளி எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தான்.

"எம் பேரு எங்க சார்?"

"கடைசி வரி பாரு. 'உதவிய பலருக்கும் நன்றி.' அதுல நீயும் அடக்கம்."

அவர் கார் தெருமுனை திரும்பியதும், சுருளி அந்த நாலு பக்கத்தையும் கிழித்து, கையில் ஒட்டியிருந்த ஃபைபர் பிசினைத் துடைத்தான்.