தொப்பிக்காரனின் இடது கை

...இந்த ராகு காலம் நகரமாட்டேன் என்கிறது, எதிரில் இருக்கிற மனிதரோ வாயை மூடமாட்டேன் என்கிறார், மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு வர ஒரு ஜட்காவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், கொஞ்சம் முன்னால் கிளம்பியிருந்தால் வந்த கையோடு தாம்பூலம் மாற்றிக்கொண்டு எழுந்திருக்கலாம், குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டதாம், அதை ஒரு புராணமாகச் சொல்லி முடிப்பதற்குள் நாலரை அடித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு மேல் ஆறு வரைக்கும் நல்ல காரியத்தை யார் தொடுவார்கள்... தணிகாசல முதலியார் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். கூடத்தின் நடுவில் தாம்பாளம் இருந்தது, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பூ, எல்லாம் தயார். பெண்ணைப் பார்த்தாயிற்று, பிடித்தாயிற்று, சீர் பேசியாயிற்று, மிச்சம் இந்தத் தட்டு ஒன்றுதான். தட்டு கை மாறினால் சுலோச்சனாவுக்குக் கல்யாணம். மாறாவிட்டால்... மாறாவிட்டால் என்று எதற்கு நினைக்க வேண்டும், ஆனால் போன வருஷம் ஒரு இடம் இப்படித்தான் தட்டு வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று, தெரு முழுக்க அதையே மென்றது, இன்னொரு தடவை திரும்பினால் மகளுக்கு வயது ஏறுவதை யார் நிறுத்துவது, பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊர் சொல்வதை யார் தடுப்பது? கதவுக்குப் பின்னால் அவர் மனைவி தேவானை நிற்கிறாள். வளையல் சத்தம்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் போலிருக்கிறது.

அருணகிரி முதலியார், அதாவது தட்டு மாறினால் சம்பந்தியாகப் போகிறவர், லாடத்திலிருந்து குதிரைக்கு வந்து, குதிரையிலிருந்து சினிமாவுக்குத் தாவிவிட்டார். ஏரியைத் தூர்த்துப் போட்ட புது மனையில் மாடி வீடு கட்டிய மனிதர், மகனுக்கு ரயில்வேயில் உத்தியோகம், நல்ல குடும்பம், குறை சொல்ல இடமில்லை, இந்தச் சினிமாப் பைத்தியம் ஒன்றைத் தவிர. மவுண்ட் ரோடு கொட்டகையில் குடும்பத்தோடு பாக்ஸில் உட்கார்ந்து பார்ப்பாராம், படம் மாறினால் மறுநாளே ஆஜராம், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார். இவருக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாதா? சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "நம்ம முதலியார் சங்கத்துல நீங்க அன்னைக்கிப் பேசினீங்களே, கொட்டகை வாசலை மிதிச்சவன் வீட்டுல கை நனைக்கமாட்டேன்னு. எங்க வீட்டுல சாப்பிடுவீங்களா மாட்டீங்களா, இப்பவே சொல்லிடுங்க முதலியார், சமையல்காரனுக்கு இலைக் கணக்குச் சொல்லணும்." கூடம் சிரித்தது. தணிகாசலமும் உதட்டை மட்டும் நகர்த்தினார்.

பேசியது உண்மைதான். வாய் தவறிப் பேசியது அல்ல, எழுந்து நின்று, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு பேசியது, கைதட்டினார்கள், தம்பி மகன் சினிமாவுக்குப் போனான் என்று அவனை ஒரு மாதம் படியேற விடவில்லை, தம்பி வந்து கெஞ்சியும் மசியவில்லை. அதற்குப் பிறகுதானே அந்த மாலை... கடற்கரைக் காற்றுக்கு என்று கிளம்பி, சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்துக்குப் போகிற மணலில் நடந்தபோது, அங்கே ஒரு டெண்டு கொட்டகை, அதன் பின்பக்கத்துப் படுதாவைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள், உள்ளே இருட்டு, இருட்டில் ஒரு வெள்ளைக் குதிரை. அவ்வளவுதான். ஒரு குதிரை தூசியைக் கிளப்பிக்கொண்டு அவர் மார்புக்கு நேராக ஓடி வந்தது, அவர் ஒரு அடி பின்னால் வைத்தார், பிறகு வெட்கப்பட்டு இரண்டு அடி முன்னால் வைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சும் நாற்காலியும், ஆபீஸ் குமாஸ்தாக்கள், தெரிந்த முகங்கள். இந்தப் பக்கம் மணல், குப்பத்து ஜனங்கள். துணித் திரையில் தண்ணீர் தெளித்து வைப்பதால் படம் இந்தப் பக்கமும் தெரியும், கட்டணம் பாதி, மயிலாப்பூரிலிருந்து ஒரு ஈ காக்கை இங்கே வராது. அவர் உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகையைக்கூட எடுக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "யோவ் நைனா, தலையில இன்னா கோபுரமா கட்டிக்கினுகீற, கீழ எறக்கு, குருத தெரியல." திரும்பினால் கோவிந்தம்மா, அவர் வீட்டுக் கொல்லை வாசலுக்குக் காலையில் மீன் கூடையோடு வருகிற அதே கோவிந்தம்மா. அவளுக்கும் அடையாளம் தெரிந்தது. பிறகு தன் முந்தானையால் மணலைத் தட்டிவிட்டு, "குந்து மொதலியாரே, இங்க வந்தா எல்லாரும் ஒண்ணுதான்," என்றாள்.

மறுநாள் காலை கொல்லை வாசலில் அவள் குரல் கேட்டதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுவாளோ? தேவானை பேரம் பேசுகிறாள், கோவிந்தம்மா சிரிக்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள், வஞ்சிரத்துக்கா, எனக்கா? ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரமும் போனார், அடுத்த வாரமும் போனார், வீட்டில் ஐஸ் ஹவுஸ் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வடக்கே நாலு வீடு தாண்டும்வரை நடந்து, பிறகு தெற்கே திரும்பி... இது பொய் இல்லையா? பொய்தான். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது எது, அந்தத் தொப்பிக்காரனிடம் அப்படி என்ன இருக்கிறது? கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை, எந்தப் படமானாலும் ஒரே கதைதான், ஒரு விதவையின் நிலம், அதைப் பிடுங்க நினைக்கிற மீசைக்காரன், கண்ணுக்கு எட்டிய வரை மரமில்லாத பொட்டல், எங்கிருந்தோ இவன் வருகிறான். அகலத் தொப்பி, அழுக்குக் கால்சட்டை, அதிகம் பேசுவதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு கதை சொல்கிறவன்தான் இவனுக்கும் சேர்த்துப் பேசுகிறான். என்ன நடக்கும் என்பது குப்பத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஏன்? கூத்தில் விடியற்காலை துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்துதானே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறோம், அந்த மாதிரியா? இல்லை, அதுவுமில்லை. இவனுக்கு வீடு இல்லை. அப்பன் பேர் யாரும் கேட்பதில்லை. தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, சங்கத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறது, அதை முதுகில் வைத்துக்கொண்டு குதிரை ஏறிவிடுகிறான், அது அவனோடு போகிறது, கூடத்தில் தாம்பாளத்தில் வைத்து நாலு பேர் பார்த்துச் சரி என்று சொல்லக் காத்திருப்பதில்லை. காரியம் முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுகிறான். அவன் முதுகு சிறிதாகிக்கொண்டே போகும்போது முதலியார் கழுத்தை நீட்டி, அது புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் அந்தக் கை. அதை யாரிடமும் சொன்னதில்லை. தொப்பிக்காரன் துப்பாக்கியை இடது கையால் எடுக்கிறான். முதல் நாளே பார்த்துவிட்டார். அவருக்கும் சின்ன வயதில் எல்லாம் இடது கைதான், பம்பரம், கல், எழுத்தாணி, சோறு. சோற்றில் இடது கை போன அன்று அப்பா அந்தக் கையைக் கச்சைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டினார், விருந்தாளிகள் முன்னால், நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா என்று. கட்டு எத்தனை நாள் இருந்தது என்பது நினைவில்லை, அவிழ்த்த பிறகும் கை அங்கேயே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதிலிருந்துதான் முதுகு நிமிர்ந்தது என்று தோன்றும், ஊரார் கம்பீரம் என்கிறார்கள். திரையில் ஒருவன், உலகமே பார்க்க, குனியாமல், இடது கையை நீட்டி அநியாயக்காரனை விழச் செய்கிறான், யாரும் சீ என்று சொல்லவில்லை, குப்பமே எழுந்து நின்று சீட்டி அடிக்கிறது...

"எடுக்கறதே தெரியாதுங்க," அருணகிரி முதலியார் சொல்லிக்கொண்டிருந்தார், "வலது கை தொங்கிட்டே இருக்கும், பாத்தா துப்பாக்கி கையில இருக்கும்."

"இடது கை."

யார் சொன்னது? தன் குரல்தான். கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், இருமியிருக்கலாம், யாரோ சொல்லக் கேட்டேன் என்றிருக்கலாம். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்த பழக்கம் இந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடையாது. இடது கைதான் என்றார் மறுபடியும். அருணகிரி முதலியார் இல்லை என்றார், இவர் ஆமாம் என்றார், அந்த வெள்ளைக் குதிரைக்காரன்தானே என்றார் அவர், அவனேதான் என்றார் இவர், எவ்வளவு பேசிவிட்டோம் என்பது நாக்குக்குத் தெரிந்தது, நிற்கத்தான் தெரியவில்லை. அவனுக்கு வலது கையாவது, எல்லாரையும் போல அவனுமா, இந்த மாம்பலத்துக்காரர் பாக்ஸில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு எதைப் பார்த்தாரோ!

அருணகிரி முதலியார் எழுந்தேவிட்டார். சுவரில் இருந்த பெரிய நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போய், காலை அகட்டி, இல்லாத தொப்பியைக் கண்வரை இறக்கி, வேட்டி மடிப்பிலிருந்து வலது கையால் இல்லாத துப்பாக்கியை உருவினார். பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலத்தின் கண் கண்ணாடிக்குள் போயிற்று. கண்ணாடிக்குள் இருந்தவர் இடது கையால் உருவினார்.

ஐயோ. படத்துக்கு நடுவில் வருகிற ஆங்கில எழுத்து ஒவ்வொரு வாரமும் திரும்பித்தானே தெரிந்தது, அதைத் திருப்பிப் படிக்கக்கூடப் பழகிக்கொண்டாயே, எழுத்து திரும்பினால் ஆள் திரும்பமாட்டானா, இது தெரியவில்லையா உனக்கு, இத்தனை வருஷம் ஆபீஸில் ஊரார் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவன்... தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனசில்லையா?

"ஓகோ," என்றார் அருணகிரி முதலியார், கண்ணாடியைப் பார்த்தபடியே, அவருக்கும் அது பட்டுவிட்டது. "இடது கையாத் தெரியணும்னா திரைக்குப் பின்னாடி உக்காரணும். பீச்சுல டெண்டு ஒண்ணு கீதுன்னு எங்க ஜட்காக்காரன் சொல்லுவான், மீன்காரனுங்க அந்தப் பக்கமா குந்திக்கினு பாப்பானுங்களாம்." ஜட்காக்காரனைப் போலவே பேசிக் காட்டியதில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடிதான் திரும்பினார், ஆனால் திரும்பியவர் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க எங்க பாத்தீங்க முதலியார்?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறார். மாப்பிள்ளையின் தாயார் விசிறியை நிறுத்திவிட்டாள். இப்போது ஆமாம் என்றால், சங்கத்தில் அப்படிப் பேசியவர், மீன்காரர்களோடு, மணலில், பாதிக் கட்டணத்தில், இதற்கு மேல் இந்தத் தட்டு எங்கே மாறும்? இல்லை என்றால்... இல்லை என்று சொல்வது ஒரு சொல்தான். தொப்பிக்காரன் சொல்லமாட்டான். மீசைக்காரனின் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றபோதுகூட அவன் ஆமாம், நான்தான் என்றானே, அந்த இடத்தில்தானே கோவிந்தம்மா மூக்கைச் சிந்தினாள். தணிகாசல முதலியார் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தார். வாயைத் திறந்தார்.

"அவரு எங்கங்க பாத்தாரு," கதவுக்குப் பின்னாலிருந்து தேவானையின் குரல், அவசரமே இல்லாத குரல். "அந்த டெண்டு வாசல்ல பெருசா படம் எழுதின படுதா தொங்கவிட்டிருக்கான், நடந்து போறப்ப அது கண்ணுல பட்டுடுச்சாம், அன்னைக்கெல்லாம் திட்டிக்கிட்டே இருந்தாரு. அதுல இடது கையிலதான் துப்பாக்கி. எழுதினவன் எந்தக் கண்ணாடியைப் பாத்து எழுதினானோ."

அருணகிரி முதலியார் ஒரு கணம் யோசித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். படுதா எழுதுகிறவன்களே அப்படித்தான், ஒரு தடவை கதாநாயகிக்கு ஆறு விரல் போட்டிருந்தான் என்று ஆரம்பித்து, அந்தப் பேச்சிலேயே ஆறு மணி அடித்து, சந்தனம் வந்து, தாம்பாளம் அவர் கையிலிருந்து தணிகாசலத்தின் கைக்கு வந்து, பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. முடிந்தது. சுலோச்சனாவுக்குக் கல்யாணம்.

அந்த டெண்டு வாசலில் படம் எழுதின படுதா எதுவும் கிடையாது. ஒரு கம்பமும் ஒரு காஸ் விளக்கும்தான். அது தெற்கே இருக்கிறது, அவர் போவதாகச் சொல்வது வடக்கே. அப்படியானால் அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும், கோவிந்தம்மா சொன்னாளா, வேட்டி மடிப்பிலிருந்து உதிர்ந்த மணல் சொன்னதா, தெரிந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாளே... வந்தவர்களை வழியனுப்ப வாசல் வரை நடந்தார், குனிந்து கும்பிட்டார், ஜட்கா தெரு முனையில் திரும்பியது. உள்ளே போய் அவளைக் கேட்கலாம், கேட்டால் சொல்வாள். ஆனால் அவர் கேட்க விரும்பிய கேள்விக்குப் பதில் அவளிடம் இல்லை. எழுந்தது நிஜம், வாயைத் திறந்தது நிஜம், ஆமாம் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா? அவள் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரு விளக்கு ஏற்றுகிறவன் ஏணியோடு தாண்டிப் போனான், முதலியார் வாசல்படியிலேயே நின்று, அந்தச் சொல் எதுவாக இருந்தது என்று நாக்கைப் புரட்டிப் பார்த்தார், நாக்குக்குத் தெரியவில்லை.