ஆளுக்குப் பாதி

என் மனைவியின் தம்பியை எல்லோரும் 'ரொட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன். ஆளும் கொஞ்சம் உப்பின மாதிரி இருப்பான். அந்தப் பெயரில் அவனுக்கு வருத்தம் கிடையாது. எனக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'தராசு'. எனக்கு அதில் பெருமை வேறு. நாங்கள் இரண்டு பேரும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு நான்கு நாள் மலை நடைக்குப் போனோம். திரும்பி வந்தது நான் மட்டும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து, யாரும் என்மேல் இரக்கப்படும்படி ஆகிவிடக் கூடாது.

பார்சல் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எடை போடுகிறேன். ஒரு பொட்டலத்தைக் கையில் தூக்கினாலே ஐம்பது கிராம் முன்னே பின்னே சொல்லிவிடுவேன். அளவுக்கு மேல் கனத்தால் சரக்கை இரண்டு பெட்டியாகப் பிரித்து ஒரே முகவரிக்கு அனுப்புவோம். சில சமயம் ஒன்று போய்ச் சேரும், மற்றது எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும். மேசைப் பலகை இல்லாமல் நாலு கால் மட்டும் வந்து சேர்ந்தவர்கள் கவுன்டரில் வந்து கத்துவார்கள். "ஒண்ணு வந்துருச்சுல்ல சார், இன்னொண்ணும் வந்துரும்" என்று சொல்லி அனுப்புவேன். இப்படி வயிறு வளர்க்கிறவனுக்கு ஒரு விஷயம் தன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ரொட்டிக்கு டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அவன் நேராக என்னிடம் வந்தான். வருடா வருடம் நான் தனியாக மலைக்குப் போகிறவன் என்பதால் நான்தான் அவனுக்குக் குரு மாதிரி.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டு ஹாலில் அவன் பையைக் கொட்டச் சொன்னேன். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கடையே விரிந்தது. இரண்டு துண்டு, ஒரு தலையணை, இரும்பு வாணலி, கனமான ஸ்வெட்டர், ரேடியோ, மழைக்கு மூடிக்கொள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட்.

"மாப்ள, மலைக்கு வர்றியா, குடித்தனம் போறியா?"

"இருக்கட்டுமே மாமா. நான்தானே தூக்கப்போறேன்."

"முதல் நாள் நீ தூக்குவ. ரெண்டாம் நாள் உன்னையும் சேர்த்து நான் தூக்கணும்."

அவன் சிரித்தான். நான் ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தேன். ஸ்வெட்டர் அறுநூறு கிராம், ஷீட் எழுநூறு. வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். பல்தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூடப் பாதியாக வெட்டினேன். கடைசியில் இரண்டு பையும் தலா பதினோரு கிலோ இருநூறு. ஒரு கிராம் கூடக் குறைய இல்லை. அதற்காகக் கூடாரத்தின் வெளித்துணி எனக்கு, உள்துணியும் கம்பிகளும் அவனுக்கு. அடுப்பு எனக்கு, கேஸ் அவனுக்கு.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கூடாரம் முழுசா ஒருத்தர்கிட்ட, அடுப்பு முழுசா ஒருத்தர்கிட்டன்னு வைக்கக் கூடாதா?"

"வச்சா எடை சரிசமமா வராது."

"அப்போ ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டேதான் நடக்கணும்."

"பின்ன, தனித்தனியாவா போகப்போறோம்?"

பிறகு தம்பி காதில் விழாமல் என்னிடம் வந்து, "அவனப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னா அவன் கிணத்துலகூடக் குதிப்பான்" என்றாள். இது எனக்கும் தெரியும். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

முதல் நாள் காலையில் அவனுக்கு உபதேசம் செய்தேன். முதல் நாள் மெதுவாக நடக்கணும், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம், நாலாம் நாளுக்கும் கால் வேண்டும். சொல்லி முடித்துவிட்டுக் கால் பிடரியில் பட நடந்தேன். உபதேசம் ஊருக்குத்தானே. பின்னால் யாராவது வருகிறார்கள் என்றால் முன்னால் போயே ஆக வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு.

ரொட்டி ஒரே மாதிரி நடந்தான். ஏற்றமோ சமதரையோ, அதே நடை. ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் உட்காருவான். பையைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, கால் விரல்களை விரித்துக் காற்று வாங்குவான்.

"எதுக்குடா இது?"

"மாவு ஊறணும்ல மாமா. ஊற விடாம அடுப்புல வச்சா கல்லாயிடும். பதறாத காரியம் சிதறாது."

நடக்கும்போது ஏதாவது பாடிக்கொண்டே வருவான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று நான் கேலி செய்வேன். அவனும் துதிக்கை மாதிரி கையைத் தூக்கி ஆட்டுவான். மேலே போய் நான் அரை மணி, முக்கால் மணி காத்திருப்பேன். உடம்பில் வியர்வை ஆறிக் குளிரெடுக்கும். எரிச்சல் ஏறும். அவன் வந்ததும் உடனே எழுந்து நடப்பேன். இரண்டாம் நாள் சாயங்காலம் என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் தராசு, அவன் ரொட்டி.

மூன்றாம் நாள் காலையில் ஒரு வயதான கணவனும் மனைவியும் எங்களைத் தாண்டிப் போனார்கள். இருவரும் மஞ்சள் மழைக்கோட்டு. பள்ளிக்கூட ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களாம். ரொட்டி அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, தானே சுட்டுக் கொண்டுவந்த பன்னைப் பிய்த்துக் கொடுத்து, அவர்கள் பேரப்பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம். நான் பையை முதுகிலிருந்து இறக்காமலே நின்றேன். அவர்கள் போன பிறகு வாயை விட்டேன்.

"உன்னோட வந்தா இன்னைக்கு ஏரிக்குப் போய்ச் சேர முடியாது. அங்க கூடாரம் போட நாலு இடந்தான் இருக்கு. நான் முன்னால போய் இடம் பிடிக்கிறேன். நீ உன் சவுகரியத்துக்கு ஆடி அசைஞ்சு வா."

அவன் வானத்தைப் பார்த்தான். மேற்கே கறுத்திருந்தது.

"மாமா, வீடு ஆளுக்குப் பாதி இருக்கு."

"ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு சேர்ந்துரும்."

"பனி இறங்கிட்டா?"

"மேல ஒரு பிரிவு வரும். போர்டு நிக்கும். இடது பக்கம் ஏரி, நாப்பது நிமிஷம். வலது பக்கம் கீழ ஒரு விடுதி, இருபது நிமிஷம். பனி மூடிட்டா அந்தப் போர்டுகிட்டயே உக்காரு. அதுக்கு மேல வெறும் பாறை, வழி தெரியாது. தனியா நடக்காத. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி மாமா."

"அசையக் கூடாது."

"சரின்னு சொன்னேன்ல."

அவன் பையைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். நான் கிளம்பிவிட்டேன்.

இரண்டு மணிக்கு அந்தப் பிரிவைத் தாண்டினேன். ஏரிக்கரையில் யாருமே இல்லை. நாலு இடமும் காலி. நல்ல இடமாகப் பார்த்துப் பையை இறக்கும்போது மழை பிடித்தது. பின்னாலேயே பனி வந்து ஏரியை மூடியது, பிறகு எதிரில் இருந்த பாறையை மூடியது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. காற்று தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது.

பையைத் திறந்தேன். கம்பியில்லாத துணி இருந்தது, கேஸ் இல்லாத அடுப்பு இருந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் அவனுக்கு ஒரு வீட்டின் பாதியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மறு பாதியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நனையாமல் தடுக்கிற பாதி என்னிடம் இருந்தது.

அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடி.

எழுந்தேன். முழங்கால் மடங்கவில்லை. அரை மணி ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம் என்று துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்து, மழை கொஞ்சம் விடட்டும் என்றேன். விடவில்லை. நாலரைக்கு எழுந்து நொண்டிக்கொண்டே முதல் திருப்பம் வரைக்கும் போனேன். இருநூறு அடி இருக்கும். "மாப்ள!" என்று மூன்று முறை கத்தினேன். காற்று அந்தச் சத்தத்தை என் வாயிலேயே திணித்தது. எனக்குப் பயம் வந்தது. அவனுக்காக இல்லை, எனக்காக. இவ்வளவு பனியில் அவன் முட்டாளா என்ன, அந்த விடுதிக்குப் போயிருப்பான், இந்நேரம் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு சமாதானம் கிடைத்ததும் திரும்பி வந்து துணிக்குள் புகுந்துகொண்டேன். உலர்ந்த சட்டை போட்டுக்கொண்டேன். அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் பிழைத்தேன்.

காலையில் வெயிலடித்தது. இறங்கிப் போனேன். போர்டுக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தான். பையின் வாயில் ஒரு வார் மட்டும் அவிழ்ந்திருந்தது, மற்றது அவிழவில்லை. எந்த நிமிடமும் நான் வந்து கூப்பிடுவேன் என்று பையைக் கட்டியபடியே வைத்திருந்திருக்கிறான். திறக்கலாம் என்று நினைத்தபோது விரல்கள் மரத்துப்போயிருக்கும். தூங்குகிறான் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. விடுதிக் காவலாளியும் இன்னும் நாலு பேரும் வந்து தூக்கினார்கள். தூக்கும்போது, கனமாக இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார்.

வீட்டில் சொல்லும்போது வார்த்தைகளை எடை போட்டுத்தான் சொன்னேன். "பனி மூடிருச்சு. திரும்பிப் போனேன். கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியல." ஒரு வார்த்தை பொய் கிடையாது. என் மனைவி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு என் காலைப் பார்த்தாள். "இந்த முழங்காலை வச்சுக்கிட்டா அவனத் தேடி அலைஞ்சீங்க?" என்றாள். வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து ஒத்தடம் கொடுத்தாள். ஒருநாள் இல்லை, எட்டு நாள். தம்பியைப் பறிகொடுத்தவள் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டாள். நானும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப்போல ஒரு ஈனப்பிறவி இருக்க முடியாது.

ஒன்பதாம் நாள் அழைப்பு மணி அடித்தது. அந்த ஆசிரியர் தம்பதி. விடுதியில் முகவரி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிரும்மா. நாங்க அவர விட்டுட்டு வந்திருக்கக் கூடாது."

மழைக்கு வழியில் ஒரு பாறையடியில் ஒதுங்கியிருந்துவிட்டு, நாலு மணிக்கு அந்தப் பிரிவுக்கு வந்தபோது அவனைப் பார்த்தார்களாம். நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

"எங்ககூட விடுதிக்கு வாங்க தம்பின்னு எவ்வளவோ கூப்பிட்டோம். எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சே இழுத்தார். வரலேன்னுட்டார். 'மாமா வந்துக்கிட்டே இருப்பார். வந்து பார்த்து நான் இல்லேன்னா இந்த மழையில என்னைத் தேடி அலைவார். அவருக்கு முழங்கால் சரியில்ல, வெளியில சொல்லமாட்டார். நான் இங்க இருந்தாத்தான் அவருக்கு நல்லது'ன்னார்."

பெரியவர் தரையைப் பார்த்தபடி, "நாங்க காவலாளிகிட்டயும் சொன்னோம். அதான் மாமா வர்றார்ல, கூட்டிட்டுப் போயிடுவார்னு அவரும் விட்டுட்டார்" என்றார்.

என் மனைவி எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர்கள் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வந்து என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திரும்பிப் போனேன்னு சொன்னீங்கள்ல. எதுவரைக்கும் போனீங்க?"

"முதல் திருப்பம் வரைக்கும்."

"அது எவ்வளவு தூரம்?"

"இருநூறு அடி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்று இருந்தது.

"அவன் இருந்த இடம்?"

"போர்டுல நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கு."

"போர்டு கிடக்கட்டும். உங்க நடைக்கு?"

பத்தொன்பது வருடமாக அளந்து சொல்கிறவன் நான். பொய் வரவில்லை.

"இருபத்தஞ்சு," என்றேன். "அதுவும் இறக்கம்."