கால் எழும் முன்

மன்னார்புரத்தில் ஒரு ஹோட்டலின் மாடி. ஆறு மேசைகள், மேசைக்கு ஓர் அணி. மகளிர் கபடி லீக்கின் டிராஃப்ட். ஏலம் கிடையாது. முறை வரும்போது அணி ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெண் அன்றிலிருந்து அவர்களுடையவள். எங்கே ஆட விருப்பம் என்று அவளைக் கேட்பதில்லை.

வைஷ்ணவியும் பானுமதியும் பின்வரிசையில் இருந்தார்கள். இருவருக்கும் துவாக்குடியில் ஒரே மைதானம். பானுமதி பாடிப் போவாள். வைஷ்ணவி மூலையில் நின்று பிடிப்பாள்.

முதல் மேசையிலிருந்து முதலில் சொல்லப்பட்ட பெயரே பானுமதி. அரங்கம் கைதட்டியது.

"இனிமே உன்னப் பிடிக்க முடியாதுடி" என்றாள் வைஷ்ணவி.

"நீ எங்க பிடிச்ச? பிடிச்சு விட்டவதானே."

வைஷ்ணவி சிரிக்கவில்லை.

துவாக்குடி மைதானம் சரளை மண். இழுத்து வீழ்த்தினால் முழங்கால் தோல் போய்விடும். அதனால் அங்கே ஒரு வழக்கம். கணுக்கால் கையில் சிக்கியதும் விட்டுவிட வேண்டும். சிக்கியவள் தானே வெளியே போய்விடுவாள். லீக்குக்கான தேர்வு ஆட்டம் நடந்த இடத்தில் மெத்தை விரித்திருந்தார்கள். அங்கேயும் வைஷ்ணவி பானுமதியின் காலைப் பிடித்தாள்; விட்டாள். பானுமதி ஒரு கணம் நின்றாள். பிறகு ஓடிப்போய் நடுக்கோட்டைத் தொட்டாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

இன்று பெயர் வராவிட்டால் வைஷ்ணவிக்குத் திங்கட்கிழமை முதல் பட்டறை வேலை. வீட்டில் பேசி முடித்தாயிற்று.

சுற்றுகள் போயின. மேசைகளில் கோட் போட்டவர்கள் தலைகளை நெருக்கி, தாங்கள் பார்த்தே இராத ஊர்ப் பெண்களின் தோள்களைப் பற்றியும் முட்டிகளைப் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கோயிலில்தான் அப்படிப் பேசுவார்கள் என்று வைஷ்ணவி நினைத்திருந்தாள்.

கடைசிச் சுற்று. நான்காவது மேசை.

"வைஷ்ணவி. துவாக்குடி."

அவள் அசையவில்லை. பானுமதி இடுப்பில் குத்தினாள்.

"ஏய், உன்னத்தான். எந்திரிடி."

எழுந்தாள். கைதட்டல் குறைவுதான்.

டிராஃப்ட் முடிந்ததும் நான்காவது மேசையிலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள். பெயர் வேதவதி. ஸ்ரீரங்கத்துக்காரி. அந்த அணிக்காக ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பது அவள் வேலை.

"உங்களைத்தான் ஒரு வாரமா பாத்துண்டிருந்தேன். எங்காத்துல எல்லாருக்கும் உங்க முகம் பாடம்."

"நான் விட்டுட்டேனேங்க."

"விடாம இருக்கறதைச் சொல்லிக் குடுத்துடலாம். இதைப் பாருங்கோ."

தேர்வு ஆட்டத்தில் எடுத்த படம் மிக மெதுவாக ஓடியது. பானுமதி கோட்டுக்குள் நிற்கிறாள். இரண்டு கால்களும் மெத்தையில். வைஷ்ணவியின் கை கிளம்புகிறது. அது காலியான இடத்தை நோக்கிப் போகிறது. பிறகு பானுமதியின் இடது கால் எழுந்து அந்த இடத்துக்கு வருகிறது. கை அங்கே இருக்கிறது.

பானுமதி திரையருகே குனிந்தாள்.

"எந்தக் காலு எடுப்பேன்னு எனக்கே தெரியாதுடி" என்றாள் பானுமதி. குரல் அடங்கியிருந்தது.

வைஷ்ணவி தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் இருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

வேதவதி திரையைத் தொடவில்லை. பானுமதியைப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கோ. நீங்க இனிமே எதிரணி."

முதல் மேசையிலிருந்தும் யாரோ பானுமதியைக் கூப்பிட்டார்கள்.

"வரேன்டி" என்றாள் பானுமதி. எழுந்தவள் நாற்காலியைப் பிடித்தபடி சற்று நின்றாள். பிறகு நடந்தாள்.

வைஷ்ணவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.