பச்சையடித்த கட்டம்

மாம்பழச்சாலைக்கு அப்பால் ஒரு சக்கரமும் உருளக் கூடாதென்று காவலர்கள் இரும்புத் தடுப்புகளை வைத்திருந்தார்கள். எட்டரை மணியிலிருந்து அங்கேயே காத்து நின்ற தேவதர்ஷினி, மணி ஒன்பதரை ஆனதும் ஸ்கூட்டியை ஓரமாகப் பூட்டிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கத் தொடங்கினாள். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் கூட்டம் நெரியும் என்பது அவள் அறியாததன்று. எடமலைப்பட்டி புதூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதுகூடத் தெரியாமலிருக்குமா? ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் தன் திட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

திட்டத்தைப் போட்டவள் அவள்தான். மூன்று மாணவர்கள் கொண்ட குழுவுக்கு அவளே தலைவி. அவித்த நெல்லை உலர்த்தும் டிரையரில் ஈரப்பதத்தை அளந்து, நெல் பக்குவத்துக்கு வந்தவுடன் டிரையரைத் தானாகவே நிறுத்தும் கருவியொன்றைச் செய்வது அவர்களுடைய ப்ராஜெக்ட். மண்ணச்சநல்லூரில் கலையரசன் என்பவரின் அரிசி ஆலையில் அதைச் சோதித்துக் காட்டி, அவர் கையெழுத்திட்ட கடிதத்தைத் திங்கட்கிழமை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். கடிதம் இல்லையேல் ப்ராஜெக்ட் இல்லை. ப்ராஜெக்ட் இல்லையேல் மூவரும் இந்தப் பருவத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

சோதனைக்கு ஏகாதசி நாளைக் குறித்தபோது அவளுக்குத் தன் சாமர்த்தியத்தின்மேல் சற்றே பெருமைகூட இருந்தது. உள்ளூர் விடுமுறை, வகுப்பு கிடையாது, எல்லாரும் சும்மா இருப்பார்கள். ஆலையோ அன்றும் ஓடும். காகிதத்தில் பார்த்தால் அதைவிட நல்ல நாள் வாய்க்காது.

இப்போது கருவி, வடக்கு உத்திர வீதியில், குழுவில் ஒருத்தியான மைத்ரேயியின் வீட்டில் இருந்தது. எட்டரைக்கு அதை எடுத்துக்கொண்டு மாம்பழச்சாலைக்கு வந்திருக்க வேண்டிய மைத்ரேயி வரவில்லை; பதினோரு முறை அழைத்தும் போனை எடுக்கவில்லை.

ராஜகோபுரத்தை நெருங்குகையில் போன் அடித்தது. மூன்றாமவனான ஆசீர், அதிகாலையிலேயே ஆலைக்குப் போய் டிரையரில் கம்பிகளைப் பொருத்திக்கொண்டிருந்தவன்.

"எங்க இருக்க? ஓனரு என்னைப் பாக்குற பார்வையே சரியில்ல. இந்தா, அவரே பேசறாராம்."

கலையரசனின் குரல் ஆலை இரைச்சலையும் மீறிக் கேட்டது. "பாப்பா, அவிச்ச நெல்லு சரியா பன்னெண்டு மணிக்கு டிரையர்ல ஏறிடும். உனக்காக வெச்சிருந்தேன்னா நாத்தம் புடிச்சுப் போயிரும். வர்றியா, இல்லியா?"

"வந்துடறோம் சார். கண்டிப்பா."

"நாளையிலேர்ந்து பொங்கல் முடியிற வரைக்கும் மிஷினைப் பிரிச்சு மராமத்து பாக்கறோம். இன்னைக்கு விட்டா அம்புட்டுதான், சொல்லிட்டேன்."

அவள் நடையை எட்டிப் போட்டாள். எதிரே, விடியலில் பெருமாளைச் சேவித்துத் திரும்புகிறவர்கள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தார்கள். ஓரடி வைத்தால் இரண்டடி பின்னே தள்ளிற்று. மைத்ரேயியின் வீட்டு வாசலை அவள் மிதித்தபோது மணி பத்து நாற்பது.

வாசலெங்கும் செருப்புகள். கூடத்தில் ஊரிலிருந்து வந்த உறவினர்கள் பெட்டிகளுக்கு நடுவே கண்ணயர்ந்திருந்தார்கள். மைத்ரேயியின் தாயார் அரவிந்தவல்லி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாடிம்மா! பெருமாள் சேவிச்சாச்சா? ஏகாதசி, சாதமெல்லாம் கிடையாது. அவல் உப்புமா இருக்கு, ஒரு வாய் சாப்பிடு."

"இல்ல மாமி, மைத்ரேயி..."

"கொல்லையில பாத்திரத்தோட மல்லுக்கு நிக்கறா. அவ அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம், இந்த இருபது நாளும் ஆத்துல தங்கமாட்டார். வந்தவாளுக்கெல்லாம் அவளும் நானுந்தான். பத்து நாளா தூக்கமில்லை குழந்தைக்கு."

பத்து நாள் என்ற சொல் தேவதர்ஷினியின் காதில் சுருக்கென்று தைத்தது. அவளுடைய திட்டத்தில் மைத்ரேயியின் முக்கியமான வேலை முழுவதும் அந்தப் பத்து நாள்களுக்குள்தான் இருந்தது.

கொல்லையில் மைத்ரேயி அவளைக் கண்டதும் கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"போனை ஏன்டி எடுக்கல?"

"பயமா இருந்தது."

"என்ன பயம்? கருவி எங்க? கிளம்பு, ஆட்டோ பிடிச்சாப் போயிடலாம்."

"கருவி இருக்கு. ஆனா..." மைத்ரேயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காலிபிரேஷன் பண்ணலை தர்ஷி."

இன்ன ஈரத்திலுள்ள நெல்லுக்கு இன்ன எண் காட்ட வேண்டும் என்று, ஈரம் தெரிந்த நெல்லை வைத்துக் கருவிக்குக் கற்பிக்கும் வேலை அது. அது நடவாவிட்டால் கருவி காட்டும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. மூவரும் போனில் பார்க்கும் திட்ட அட்டவணையில், காலிபிரேஷன் என்ற கட்டம் போன வெள்ளிக்கிழமையே பச்சையாகிவிட்டிருந்தது. முடிந்த வேலைக்குப் பச்சை, பிந்திய வேலைக்குச் சிவப்பு. அதுவும் அவள் வகுத்த விதிதான்.

"பச்சை போட்டியேடி!"

"போட்டேன். பொய்தான்."

"சிவப்புன்னு போட்டிருந்தா நான் வேற ஏதாவது பண்ணியிருப்பேனே!"

"என்ன பண்ணியிருப்ப? லேட்டானவாளைக் கேலி பண்ணி குரூப்ல ஆம்புலன்ஸ் ஸ்டிக்கர் போடுவ." மைத்ரேயியின் கண்கள் கலங்கின, குரல் கலங்கவில்லை. "ஆசீர் ரெண்டு நாள் லேட்டானதுக்குப் போட்டியே, மறந்துட்டியா? பகல்பத்து வருது, ஏகாதசிக்கு முன்னாடி பத்து நாளும் எங்காத்துல தலைக்கு மேல வேலை இருக்கும்னு சொல்ல வாயெடுத்தேன். 'லீவுதானே, எல்லாருக்கும் வசதி'ன்னு நீயே முடிச்சுட்ட. ஒருநாள், ஒரே ஒருநாள், உனக்கு எப்ப முடியும்னு கேட்டிருக்கியா?"

ஸ்டிக்கர் போட்டதும், எல்லாரும் சிரித்ததும், ஆசீர் மட்டும் அன்று முழுதும் குரூப் பக்கமே வராமலிருந்ததும் தேவதர்ஷினிக்கு நன்றாகவே நினைவிருந்தன.

ஆசீரை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் ரகசியம்போலப் பேசினான்.

"இங்க பாரு, எடுத்துட்டு வந்துடு. ஏதோ ஒரு நம்பர் காட்டும்ல? ஈரம் பதிமூணுன்னு வந்ததும் டிரையர் நிக்கும். ஓனரு கையெழுத்துப் போடுவாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"நெல்லுக்குத் தெரியுமேடா. அளவுக்கு மீறிக் காஞ்சா அரைக்கிறப்ப அத்தனையும் நொய்யாப் போயிடும்."

"அப்ப மூணு பேரும் ஃபெயிலாவோம். பரவால்லியா?"

அவள் போனை வைத்துவிட்டாள். பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். ஆசீர் சொன்னது எத்தனை எளிது! கையெழுத்து வந்துவிடும், திங்கட்கிழமை கழிந்துவிடும். கிணற்றடிக் கல்லில் அமர்ந்து அவள் தன் உள்ளங்கையையே பார்த்தாள். பின்பு சடக்கென்று எழுந்து, மனம் மாறுவதற்குள் கலையரசனை அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

"இதை நேத்தே சொல்ல வாயில்லியா உனக்கு?" என்று அவர் வெடித்தார். "என் ஆளு பதினஞ்சு வருசமா கையால தொட்டுப் பாத்தே டிரையரை நிறுத்துறவன். அவனை ஒதுக்கி வெச்சுட்டு உன் பொட்டியை நம்பச் சொன்னியே!"

"நம்ப வேண்டாம் சார். உங்க ஆளே நிறுத்தட்டும். கருவி சும்மா பக்கத்துல இருந்து அளக்கட்டும். கால் மணிக்கு ஒருதரம் ஒரு பிடி நெல்லெடுத்து உங்க மீட்டர்ல பாத்து, ரெண்டு எண்ணையும் எழுதிக்கறோம். விட்டுப்போன வேலை அதுதான் சார்."

"சரி, வாங்க. ஆனா எங்க ஆளு கையைப் புடிக்கக் கூடாது. குறுக்க வரக் கூடாது."

"வரமாட்டோம் சார்."

அடுத்தது இன்னும் கடினம். ப்ராஜெக்டின் வழிகாட்டிப் பேராசிரியை அனுசுயா, வளவளவென்று பேசினால் பொறுக்கமாட்டார். மூன்றாவது முயற்சியில் அழைப்பு கிடைத்தது.

"தானா நிறுத்துற கருவின்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப அளந்து மட்டும் காட்டுவேங்கறீங்க."

"ஆமா மேடம். தப்பு என் மேலதான். தேதியை யாரையும் கேக்காம நான் போட்டேன்."

"காரணமெல்லாம் மெயில்ல எழுதுங்க. எதை விடறீங்க, எதைச் செய்யறீங்க, ஏன், மூணும் வேணும். நெல்லு டிரையர்ல ஏறுறதுக்கு முன்னாடி என் கைக்கு வரணும். அப்புறம் வந்தா நான் படிக்கமாட்டேன். வந்தா பாஸ் போடறேன். அதுக்கு மேல மார்க்கு கேக்காதீங்க."

மைத்ரேயி துணிப்பையில் கருவியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மாகிட்ட சொல்லிட்டேன். சித்தி பாத்துக்கறாளாம்." இருவரும் வடக்கே சந்து பொந்துகளில் புகுந்து ஓடினார்கள். பஞ்சக்கரை சாலையில் ஆட்டோ கிடைத்தபோது மணி பதினொன்றேகால். குலுங்குகிற வண்டியில் தேவதர்ஷினி மெயிலைத் தட்டச்சு செய்ய, மைத்ரேயி எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். அனுப்பினால், போகவில்லை. லட்சம் பேர் கூடிய இடத்தில் சிக்னல் திணறிற்று. திரையில் சிறு வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் வெரட்டுங்க!"

"முன்னால பஸ்ஸு நிக்குது பாருங்க பாப்பா, மேல பறக்கவா முடியும்?"

கொள்ளிடப் பாலத்தின் நடுவில் வட்டம் நின்றது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவர் கைகளும் ஒரே பையைப் பற்றிக்கொண்டிருந்தன.

அவர்கள் போய் இறங்கவும், ஆலையில் நெல் ஆவி பறக்க டிரையரில் ஏறவும் சரியாக இருந்தது. ஆசீர் கருவியை மாட்டினான். கால் மணிக்கொருமுறை எண்கள் எழுதப்பட்டன. மாலை ஐந்தரைக்கு, பதினைந்து வருடமாகக் கையால் தொட்டுப் பார்த்தே நிறுத்தும் அந்த ஆள் ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு டிரையரை நிறுத்தினான். ஆலை மீட்டர் பதின்மூன்று காட்டியது. மாணவர்களின் கருவியோ பதினெட்டு காட்டியது.

ஆசீரின் முகத்தில் ஈயாடவில்லை. கருவியின் பேச்சைக் கேட்டிருந்தால் டிரையர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனை நெல்லும் நொய்யாகியிருக்கும். கலையரசன் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்கள் எழுதி நீட்டிய கடிதத்தை வாங்கினார். 'ஈரப்பதம் மட்டும் அளக்கப்பட்டது. தானியங்கி நிறுத்தம் சோதிக்கப்படவில்லை' என்ற வரியை இருமுறை படித்துக் கையெழுத்திட்டார்.

"பொங்கல் கழிஞ்சு மிஷின் ஓடும். நிறுத்திக் காட்டணும்னா வாங்க. என்னைக்கு வர்றீங்க?"

தேவதர்ஷினியின் கை வழக்கம்போல் போனிலுள்ள நாள்காட்டியைத் திறக்கப் போயிற்று. திறக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். "மைத்ரேயி, ஆசீர், உங்களுக்கு என்னைக்கு முடியும்?"